பிரிட்ஜும் வேலைக்குத்தான்

வீட்டுக்கென்று எதையுமே வாங்காத மனிதர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? துறவிகளைச் சொல்லவில்லை. இங்கே சொல்லப்படுகிறவர்களின் வீட்டுக்குள் போனால் கால் வைக்க இடமிராது, அவ்வளவு சாமான். ஆனால் அதில் ஒரு கரண்டிகூட வீட்டுக்கென்று வாங்கியதல்ல. வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறார்கள். வேலைக்கு வாங்கிய சாமானுக்கு வருமான வரியில் கழிவு உண்டென்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். கேள்விப்பட்ட அந்த நிமிடத்திலிருந்து அவர்களுக்கு வீடு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. எதைக் காட்டி எதற்கென்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "வேலைக்குத்தான்." ஆகவே இந்த இனத்தை வேலைக்குத்தான்காரர் என்றே அழைப்போம்.

திருகோணமலையில், துறைமுகத்துக்கு இறங்குகிற தெரு ஒன்றில், முனீப் என்ற வரிக் கணக்காளரின் அலுவலகத்தில் சிவரூபி வேலை செய்கிறாள். அதிகம் பேசாத பெண். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள் என்பதால் இரண்டு மொழியிலும் பேசாமலிருக்கத் தெரியும். அவளுக்கு இந்த இனத்தை அறிமுகப்படுத்தியது ஓர் உரையாடல். அதை அவள் யாருக்கும் சொல்லித் திரிவதில்லை. ஆனால் ஒரு வார்த்தை பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறாள்.

அது புரட்டாதி மாதத்துக் காலை. உப்புவெளியைச் சேர்ந்த கோகுலன் வந்து அவளுக்கு எதிரே கிடந்த கதிரையில் இருந்தார். வெளிநாட்டில், மெல்பேண் நகரில் உள்ள ஒரு கட்டட நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வரைபடம் வரைந்து அனுப்புகிறவர். கதிரையில் சாய்ந்து பார்த்தார், சுழன்று பார்த்தார், நல்ல கதிரை என்றார். பிறகு மடியில் வைத்திருந்த பையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, வேலைக்கு வாங்கின சாமானைக் கழிக்கலாம்தானே?"

ஓம் என்றாள் சிவரூபி. உழைப்புக்கென்று வாங்கிப் பாவித்தால் அதன் தேய்மானத்தை வருடாவருடம் கழிக்கலாம் என்று விளக்கினாள். விளக்கத்தை அவர் கேட்கவில்லை. ஓம் மட்டும் போதுமாக இருந்தது. பை திறந்தது.

முதலில் லப்டொப்பின் பில் வந்தது. எழுதினாள். மேசை வந்தது, கதிரை வந்தது, கரண்ட் போகும் நேரத்துக்கு பற்றரி வந்தது. எல்லாவற்றையும் எழுதினாள். அதுவரைக்கும் கோகுலன் உங்களையும் என்னையும் போல ஒரு சாதாரணப் பிரசை. அடுத்தது ஏசி. லப்டொப் சூடாகிறதாம். எந்த அறையில் ஏசி என்று கேட்டாள். படுக்கையறையில். அதுதான் ஒஃபிஸ். அப்படியென்றால் மெத்தையும் வருமா என்று அவள் கேட்கவில்லை; அவராகவே அதை அடுத்த வருடத்துக்கு வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு பிரிட்ஜ்: கூட்டத்துக்கு நடுவில் தொண்டை வறண்டு, குளிர்ந்த தண்ணீருக்குக் கடைக்குப் போனால் மெல்பேணுக்கல்லவா நட்டம்? வோஷிங் மெசின்: கமெராவில் முதலில் தெரிவது சேட்டுக் கொலர்தான். டீவி: வரைபடத்தைப் பெரிதாகப் பார்ப்பதற்கு. மீன் தொட்டி: கூட்டம் நடக்கும்போது அவருக்குப் பின்னால் தெரிவது. மெல்பேண்காரர் போன கிழமைகூட மீன்கள் சுகமா என்று விசாரித்தாராம்.

கடைசியில் ஒரு தையல் மெசின் வந்தது.

சிவரூபி எழுதுவதை நிறுத்தினாள். இதில் யார் தைக்கிறது என்று கேட்டாள்.

"மனிசிதான். ஆனா என்ர ஒஃபிஸ் அறைக்குக் கர்ட்டின் தைச்சது அதிலதானே."

அவள் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, வீட்டுக்கு எண்டு ஏதும் வாங்கியிருக்கிறீங்களா?"

கோகுலன் கண்ணை மூடி, நேர்மையாகவே யோசித்தார்.

"ஞாபகம் வரேல்லை தங்கச்சி."

டீவியின் பில் மட்டும் கிடைக்கவில்லை. சைக்கிளில் கொழுவியிருந்த பையிலிருந்து மான் இழுத்துத் தின்றுவிட்டது என்றார். வேறெந்த ஊரிலாவது இப்படி ஒரு காரணத்தைச் சொல்லிப் பாருங்கள், வெளியே அனுப்பிவிடுவார்கள். சிவரூபி யன்னலால் பார்த்தாள். மதிலோரம், இந்த ஊர்த் தெருக்களில் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று நின்று, யாரோ எறிந்த கலண்டரின் மாசி மாதத்தை ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது. டீவியையும் எழுதினாள், தையல் மெசினையும் எழுதினாள்.

இந்த வேலைக்குத்தான்காரரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் ஊருக்குத் தெரியப் போனார்கள். துறைமுகத்துக்குப் போகிறவர் தலைக்கவசத்தோடு போவார், சல்லிக் கிராமத்திலிருந்து கடலுக்குப் போகிறவர் விடியுமுன் போவார், அரசாங்கக் கந்தோருக்குப் போகிறவர் நன்றாக விடிந்த பிறகு போவார். நம்மவர் கட்டிலிலிருந்து மேசைக்குப் போகிறார். நடுவில் ஒரு பாய் விரிக்கும் தூரம். அந்தப் பயணத்தை உலகம் மதிக்கவில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை. அதனால்தான் சுற்றிவரச் சாமான் அடுக்குகிறார், வீட்டின் பழைய பெயர்களை மாற்றுகிறார். விறாந்தை வரவேற்பிடம். ஹோல் கூட்ட மண்டபம். குசினி கன்டீன்.

ஆனால் ஒரு சலுகை வைத்திருக்கிறார். தேங்காய் துருவித் தரச் சொன்னால் இது ஒஃபிஸ். மத்தியானம் சோறு தின்று சரிந்தால் இது வீடு. மச்சான் வந்து ஏசிக்குக் கீழே படுக்கப் பார்த்தால் ஒஃபிஸ். மெல்பேண்காரர் பின்னேரம் கூப்பிட்டால் வீடு. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் திரும்பிப் படுக்கிற பக்கமாக அதுவும் நகரும்.

கடைக்குப் போனால் சாமானைப் பார்க்கமாட்டார், பில் புத்தகத்தைத்தான் பார்ப்பார். மஹ்ரூப்பின் கடையில் சோறு காய்ச்சும் குக்கர் ஒன்றை வாங்கிவிட்டு, குக்கர் என்று எழுதவேண்டாம், மின் உபகரணம் என்று எழுதுங்கள் என்று கோகுலன் கேட்டார். மஹ்ரூப் குக்கரைப் பார்த்தார், கோகுலனைப் பார்த்தார். "எழுதலாம் தம்பி. ஆனா இந்தக் குக்கருக்கு அது தெரியாதே. அது சோறுதான் காய்ச்சும்" என்றார்.

இதனால் ஏதாவது மிச்சமா? நல்ல கேள்வி. கழிவில் கிடைப்பதைப்போலப் பல மடங்கு செலவழித்துத்தான் அந்தக் கழிவைப் பெறுகிறார். மிச்சம் பிடிக்கவே வாங்குகிறார், வாங்க வாங்க இன்னும் மிச்சம் பிடிக்க வேண்டியிருக்கிறது. இது பொய்யில்லையா என்று கேட்டுப் பாருங்கள், முகம் வாடிவிடும். பெரிய ஆட்கள் கப்பலையே முழுங்குகிறார்கள், நான் ஒரு பிரிட்ஜ்தானே என்பார். ஆனால் உப்புவெளி வீதியில் ஒரு பள்ளம் விழுந்தால், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால், நாங்கள் கட்டுகிற வரியெல்லாம் எங்கே போகிறது என்று முதலில் சத்தம் போடுகிறவரும் அவர்தான். எந்த வரி என்று கேட்கக்கூடாது. அது மரியாதையில்லை.

இதுவரை சிரிக்கலாம். தையல் மெசினிடம் வரும்போது சிரிப்பு கொஞ்சம் குறைகிறது.

அந்த மெசின் கோகுலனின் மனைவி பிரசாந்தியுடையது. தன்னுடைய சீட்டுக் காசில் வாங்கி, குசினி மூலையில் போட்டு, பள்ளிக்கூடச் சட்டையும் சாறிச் சட்டையுமாக அவள் தைக்கத் தொடங்கியபோது கோகுலன் இன்னும் பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதாவது அந்த வீட்டில் முதலில் வீட்டிலிருந்து வேலை செய்தவள் அவள்தான். அப்போது அதற்கு அந்தப் பெயர் இருக்கவில்லை. "சும்மா வீட்டில இருக்கிறா, தைக்கிறவ" என்று சொன்னார்கள்.

இந்த வருடம் கடற்கரையில் இருக்கும் உல்லாச விடுதி ஒன்று, மாரி முடிவதற்குள் அறைகளுக்கெல்லாம் கர்ட்டினும் தலையணை உறையும் தைத்துத் தருவாயா என்று அவளைக் கேட்டது. நல்லாகச் செய்தால் ஒவ்வொரு வருடமும் அவளுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை: தொழிலைப் பதிந்திருக்க வேண்டும். பதிவதற்குக் கிராம சேவகர், ஊரில் எல்லோரும் ஜீ.எஸ் என்று சொல்கிறவர், வீட்டுக்கு வந்து இடத்தையும் மெசினையும் பார்த்து, யாருடையது என்று கேட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும்.

அங்கேதான் கோகுலன் குறுக்கே வந்தார். கோபமாக அல்ல, மிக அன்பாக. மெசின் ஏற்கனவே தன்னுடைய ஒஃபிஸ் கணக்கில் போய்விட்டது. ஒரே மெசின் இரண்டு பேருடைய தொழிலில் இருக்க ஏலாது. அவள் தன்னுடையது என்று சொன்னால் அவர் பொய்யர், அவருடையது என்று சொன்னால் அவள் அவருடைய வேலையாள். எதற்கு இந்தக் கரைச்சல்? அடுத்த வருசம் பார்ப்பம் என்றார். விடுதிக்காரர் அடுத்த வருடம் வரை தலையணைக்கு உறையில்லாமல் காத்திருப்பாரா என்பது கோகுலனின் ஒஃபிஸ் சம்பந்தப்பட்ட விசயமல்ல.

சில நாட்களில் குக்கரின் பில்லும் வேறு துண்டுகளும் முனீபின் அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தன. கோகுலன் கூட்டத்தில் இருந்தார்; பிரசாந்திதான் கொண்டுவந்தாள். சிவரூபி அவற்றைப் பதியும்போது மேசையில் கிடந்த பட்டியலைப் பிரசாந்தி எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே வாசித்தாள்.

"இதெல்லாம் தொழில் சாமான் எண்டு அவரே சொன்னவரோ?"

"ஓம் அக்கா. அவரேதான்."

பிரசாந்தி கைப்பையை மூடினாள். "நவராத்திரி வருகுதுதானே" என்றாள். அவ்வளவுதான். வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆயுத பூசையன்று எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உழைத்துத் தரும் கருவியைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமிக்கு முன்னால் ஓய்வெடுக்க விடுவார்கள். அன்றைக்கு அதைத் தொடக்கூடாது. அடுத்த நாள், விசயதசமிக் காலையில், கருவிக்குரியவர் தன் கையாலேயே எடுத்து ஒரு சிறு வேலை செய்து தொடக்கி வைக்க வேண்டும். சல்லியில் எஞ்சின்களுக்குப் பொட்டு வைத்து வள்ளங்கள் கரையில் கிடக்கும். முனீபின் அலுவலகத்தில்கூட அன்று கல்குலேட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். அதை முனீப் கண்டதாகக் காட்டிக்கொள்வதில்லை, கடலையை மட்டும் வாங்கிச் சாப்பிடுவார்.

வரி விசயத்தில் எப்படியோ, இந்த விசயத்தில் கோகுலன் மிகக் கண்டிப்பானவர். ஒவ்வொரு வருடமும் லப்டொப்புக்குப் பொட்டு வைத்துவிட்டு, இன்றைக்குக் கருவி தொட ஏலாது, எங்கள் சமயம் என்று மெல்பேணுக்கு அறிவித்துவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பக்தியாகப் படுத்திருப்பார். அவருடைய அக்கா சீதேவியும் சல்லியிலிருந்து வந்துவிடுவார். பூசை முறையில் ஐயருக்கே திருத்தம் சொல்கிறவர் சீதேவி.

இந்த வருடம் கோகுலன் படுத்துக்கொண்டு ரிமோட்டைத் தேடினார். அது சாமிப்படத்துக்கு முன்னால் ஒரு தட்டத்தில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஏசிக்கும் பொட்டு. ஹோலுக்கு வந்தார். டீவிக்குப் பொட்டு. பிரிட்ஜுக்கு மாலையே போட்டிருந்தது. வோஷிங் மெசின், குக்கர், மீன் தொட்டி எல்லாம் குளித்து முழுகிய பிள்ளைகளைப்போல நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால், மிகப் பெரிய பொட்டோடு, தையல் மெசின்.

இது என்ன விளையாட்டு என்று கேட்டார்.

"நீங்கள்தானே அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தனீங்கள், எல்லாம் தொழில் சாமான் எண்டு" என்றாள் பிரசாந்தி. "அரசாங்கத்துக்கு ஒண்டு, சாமிக்கு ஒண்டு சொல்லலாமோ?"

கோகுலன் அக்காவைப் பார்த்தார். சீதேவி திருநீற்றைப் பூசிக்கொண்டே கேட்டார்: "எழுதிக் குடுத்தனியோ தம்பி?"

"ஓம் அக்கா, ஆனா அது..."

"அப்ப தொடாதே."

மழைக்கு முந்திய புழுக்கம் எப்படியிருக்கும் என்று கடற்கரை ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கோகுலன் விசிறியாகப் பாவித்த பத்திரிகை மதியத்துக்குள் பிய்ந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் மாலைக்குப் பின்னால் இருந்தது. பெண்கள் இருவரும் முற்றத்தில் கல் அடுக்கிச் சோறு காய்ச்சினார்கள். அவர்களுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தார்கள். மீன்களுக்கு மட்டும் தீன் போடலாம் என்று சீதேவி விலக்குக் கொடுத்தார். அவை கருவியல்ல, ஊழியர்கள்.

நாளைக்குச் சரியாகிவிடும் என்று கோகுலன் தன்னைத் தேற்றிக்கொண்டார். பாவம், நாளைதான் விசயதசமி.

காலையில் லப்டொப்பைத் திறந்து அழகான ஒரு கோடு வரைந்தார். எழும்பப் பார்த்தார். சீதேவி வோஷிங் மெசினைக் காட்டினார். கருவிக்குரியவன்தானே தொடங்க வேண்டும்? வாங்கிய நாளிலிருந்து அதன் கதவை ஒருமுறைகூடத் திறந்திராத கோகுலன், சவர்க்காரத் தூளை எங்கே போடுவது என்று தேடி, ஒரு துவாரத்தில் போட்டு, ஒரு பொத்தானை அமத்தினார். அது ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் பூட்டிக்கொண்டது. குக்கரில் அரிசி போட்டார். தண்ணீர் போடவேண்டும் என்பதை மணம் வந்த பிறகு அறிந்தார். டீவியை மட்டும் மிகத் திறமையாகப் போட்டார்.

பிறகு தையல் மெசின். பிரசாந்தி விடுதிக்கு மாதிரியாக வெட்டி வைத்திருந்த தலையணை உறையை எடுத்துக் கொடுத்தாள். நீளமாகத் தேவையில்லை, ஒரு விரல் நீளம் தைத்தால் போதும் என்றாள். கோகுலன் விசயதசமிக்கென்று போட்ட முழுக்கைச் சேட்டோடு இருந்து, காலை வைத்து அழுத்தினார். மெல்ல அழுத்தவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மெசின் பாய்ந்தது. நின்றபோது சேட்டின் கையும் தலையணை உறையும் ஒரே துணியாகியிருந்தன. ஊசி இரண்டையும் குத்திக்கொண்டு அசையாமல் நின்றது. பிரசாந்தியின் தையல் எப்போதும் பிரியாது என்று ஊரில் சொல்வது அவளுக்கு மட்டுமல்ல, மெசினுக்கும் பொருந்தும்போலும்.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. ஜீ.எஸ். அன்று காலை வரும்படி பிரசாந்திதான் சொல்லியிருந்தாள்.

ஜீ.எஸ் நல்ல மனிதர், அதிகம் கேட்கமாட்டார். மெசினைப் பார்த்தார். மெசினோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்த கோகுலனையும் பார்த்தார். கோப்பைத் திறந்துகொண்டு, மெசின் ஆருடையது என்று கேட்டார்.

பிரசாந்தியின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.

"அவரின்ர எண்டால் அவரே கழட்டிக்கொண்டு எழும்பட்டும்" என்றாள்.

கோகுலன் கையை இழுத்துப் பார்த்தார். சேட் விலை கூடினது. அதுவும் வேலைக்குத்தான் வாங்கியது. சீதேவி தம்பியைப் பார்த்தார். ஜீ.எஸ் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். வோஷிங் மெசின் உள்ளே இன்னொரு பாட்டுப் பாடியது.

"பிரசாந்தியின்ர" என்றார் கோகுலன். பிறகு, கேட்கவில்லையோ என்ற பயத்தில் இன்னொரு தரமும் சொன்னார்.

ஜீ.எஸ் எழுதினார். பிரசாந்தி வெட்டினாள். உறையை அல்ல, சேட்டை.

கார்த்திகையில் இருவருமாக முனீபின் அலுவலகத்துக்கு வந்தார்கள். பிரசாந்தி தன் பெயரில் ஒரு கோப்புத் திறந்தாள். அவளுடைய தொழில் சாமான் ஒன்றே ஒன்று. மேலே எரியும் மின்விளக்கு, துணி வெட்டுகிற மேசை ஏதும் உண்டா என்று சிவரூபி பழக்கதோசத்தில் கேட்டாள். அதெல்லாம் வீட்டுச் சாமான் என்று பிரசாந்தி சொன்னபோது, அந்த அறையில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கனகாலமாகிவிட்டது என்று சிவரூபி நினைத்துக்கொண்டாள். கோகுலனின் பட்டியலில் முனீப் பிரிட்ஜிலிருந்து மீன்வரை வெட்டினார். தையல் மெசினை மட்டும் வெட்டும்படி கோகுலனே சொன்னார். ஏனென்று கேட்டதற்கு, அது தன்னுடைய வேலைக்குச் சரிவரவில்லை என்றார். பிரசாந்தி சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, விடுதிக்குத் துணி எடுக்க நேரமாகிறது என்று வெளியே போய்விட்டாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. அப்படியே நீங்கள் இருந்து வாசிக்கிற கதிரையை ஒருமுறை பாருங்கள். அது எதற்கென்று வாங்கியது? பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கிய டீவியில் இப்போது என்ன ஓடுகிறது? வேலையிடத்துப் பேனை உங்கள் சட்டைப்பைக்குள் எப்படி வந்தது? வரி கட்டாத ஆள் நான், எனக்கென்ன என்று தப்பப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டில் இன்னொருவர் கைதேய உழைக்கிற சாமான் ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா? இருந்தால், வருகிற நவராத்திரிக்கு அரைக்கைச் சேட் போட்டுக்கொள்ளுங்கள்.

கோகுலனுக்கு அது பாடமாகியிருக்கும் என்று சிவரூபியும் நம்பினாள். கையெழுத்து வைத்து முடித்தவர் எழும்பவில்லை. வெட்டி வெட்டி மெலிந்துபோயிருந்த பட்டியலை, மெசின் இருந்த வரியின் வெறுமையை, வயிற்றுக்கில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சாய்ந்தார். ஒரு தரம் சுழன்றார். யன்னலுக்கு வெளியே மான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இந்தக் கதிரை எனக்கு வேண்டாம். இதின்ர பில்லை மான் தின்னாமல் விட்டிருந்தால், அதை மட்டும் ஒருக்காத் தாங்கோ."